மூணாவது ஆட்சேபணை

மூணாவது தாளுக்கு வந்துட்டாங்க. முதல் ரெண்டையும் படிச்சுக் கவுத்து வெச்சாச்சு. எங்க சூப்பரிண்டெண்ட் பிலோமினா மேடம் படிக்கும்போது உதடு அசையும், சத்தம் வராது, மாதா கோயில்ல ஜெபம் சொல்றவங்க மாதிரி. அந்த உதடு இப்போ மூணாவது தாள்மேல அசைய ஆரம்பிச்சிருக்கு. நான் குனிஞ்சு ஏதோ எழுதற மாதிரி உக்காந்திருக்கேன். எழுதறது ஒண்ணுமில்லை, போன மாசத்து ஸ்டேஷனரி கேக்கிற இண்டென்ட்டு, ஏற்கெனவே எழுதி முடிச்சது, அதும்மேலயே பேனாவை ஓட்டிக்கிட்டிருக்கேன், ஃபைல் கட்டற டேக்கு பன்னெண்டு டஜன், ஆறு பசை பாட்டில், பன்னெண்டு டஜன் டேக்கு. மணி மூணே முக்கால். மேல இருக்கிற ஃபேன் மூணு சுத்துக்கு ஒருதரம் ஒரு சத்தம் போடுது, அதை எண்ணக் கூடாதுன்னு பார்க்கிறேன், எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். இந்தக் கலால் ஆபீசுல இருபத்தாறு வருஷமா இதே ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கேன், இன்னிக்குத்தான் இது சத்தம் போடறது தெரியுது. மடியில கனம் இருந்தா வழியில பயம்பாங்க. என் மடியில இருக்கிற கனம் ஒத்தைத் தாள். அது இப்போ மேடம் கையில இருக்கு.

பீருக்கு வரி ஏத்தப் போறாங்க. ஏத்தறதுக்கு முன்னாடி ஜனங்களோட கருத்தைக் கேக்கணும்னு விதி, அதனால பேப்பர்ல அறிவிப்பு போட்டு முப்பது நாள் டைம் குடுத்தோம். இன்னிக்கு மத்தியானம் மூணு மணியோட அந்த முப்பது நாள் முடிஞ்சுது. இந்த ஊர்ல தெருவுக்கு ரெண்டு ஒயின்ஷாப்பு, பக்கத்து மாநிலத்துக்காரன் எல்லை தாண்டி வந்து குடிச்சுட்டுப் போறான், ஞாயித்துக்கிழமை கடற்கரை ரோட்டுல நடக்க முடியாது, இத்தனை பேர் குடிக்கிற ஊர்ல வந்த ஆட்சேபணை மூணு. ஒண்ணு பார் முதலாளிங்க சங்கம், கலர்ல படமெல்லாம் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணிக் குடுத்தாங்க, சுற்றுலா படுத்துடும்னு. இன்னொண்ணு மதுவிலக்குக் கமிட்டி, ஏத்தறது பத்தாது, இன்னும் மூணு பங்கு ஏத்துங்கன்னு. அதை ஆட்சேபணைன்னு தபால் டைரியில போடறதா பாராட்டுன்னு போடறதான்னு தெரியாம ஆட்சேபணைன்னே போட்டேன். மூணாவது ஆர். வேதவல்லி, மேட்டுத்தெரு, பொதுமக்களில் ஒருவர். வேதவல்லின்னு யாரும் கெடையாது. தனபாக்கியமாகிய நான்தான் வேதவல்லி. நான் எழுதி, நான் ஸ்டாம்பு ஒட்டி, நான் தபால்ல போட்டு, நானே பெறப்பட்டதுன்னு முத்திரை குத்தி, நானே டைரியில நம்பர் போட்டு, நானே ஃபைல்ல வெச்சு மேடம் மேஜைமேல கொண்டுபோய் வெச்சேன். ஊர்ல ஒருத்தராவது எழுதியிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். இருபது நாள் பார்த்தேன். தினம் தபால் வந்ததும் மொதல்ல அதைத்தான் தேடினேன். ஒருத்தரும் எழுதலை. குடிக்கிறவனுக்கு எழுத நேரமில்லை, குடிக்கிறவன் பொண்டாட்டி பீர் விலை ஏறக்கூடாதுன்னு எழுதுவாளா, எழுதினா காறித் துப்ப மாட்டாங்களா. அதான் எழுதலை.

எவ்வளவு ஜாக்கிரதையா பண்ணேன்னா அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிக்கலை, பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற டைப்பிங் சென்டர்ல குடுத்தேன். அங்க இருந்த பொண்ணு படிச்சுப் பார்த்துட்டு, ஆன்ட்டி நீங்க பார் வெச்சிருக்கீங்களான்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னுட்டேன். கையெழுத்தை எடது கையால போட்டேன். நம்ம தெரு தபால்பெட்டியில போடாம ரெண்டு பஸ் மாறிப் போய்ப் போட்டேன், முத்திரை வேற ஆபீசு முத்திரையா விழணும்னு. இத்தனையும் பண்ணவ, இன்னிக்கு மத்தியானம் டைரியில நம்பர் போட்டு மசி காஞ்சப்புறம் பார்க்கிறேன், தாளோட தலையில, பொருள்னு போட்டு பீருக்கு வரி உயர்வு குறித்த ஆட்சேபணைன்னு எழுதி, அதுக்குக் கீழ பார்வைன்னு போட்டு எங்க ஃபைல் நம்பரை எழுதியிருக்கேன். அறிவிப்போட நம்பர் இல்லை. அது பேப்பர்ல வந்தது, அதை யாரும் எழுதலாம். நான் எழுதினது உள்ள ஓடற ஃபைலோட நம்பர், 1147 சாய்கோடு இ3. அது இந்த ரூமுக்கு வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. மேட்டுத்தெரு வேதவல்லிக்கு எப்படித் தெரியும். இருபத்தாறு வருஷமா பொருள், பார்வை, பொருள், பார்வைன்னு எழுதின கை. பார்வை இல்லாம அந்தக் கைக்கு ஒரு கடுதாசி ஆரம்பிக்கத் தெரியலை. எங்க அக்காவுக்கு ஒருதரம் கல்யாணச் சேதி எழுதினப்பக்கூட, தங்கள் கடிதம் கிடைத்ததுன்னு எழுதறதுக்குப் பதிலா பார்வையில் கண்ட தங்கள் கடிதம்னு எழுதி, அவ ஒரு வருஷம் சிரிச்சா. டைரியில ஏறின தாளை எடுக்க முடியாது. எடுத்தா நம்பர் விட்டுப்போகும், விட்டுப்போன நம்பருக்கு விளக்கம் கேப்பாங்க. அப்படியே வெச்சேன். மேடம் கண்ணுல படாதுன்னு ஒரு நெனப்பு. அவங்க கண்ணுல படாதது இதுவரைக்கும் ஒண்ணு இருந்திருக்கா.

உதடு நின்னுடுச்சு. இல்லை, தாளைத் திருப்பினாங்க அவ்வளவுதான், மறுபடி அசையுது. ரெண்டாம் பக்கத்துல மூணாவது பாரா இருக்கும் இப்போ. அதுதான் நான் மெனக்கெட்டு எழுதினது. பானத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவைக் கொண்டு வரி விதிக்காமல் பாட்டிலின் அளவைக் கொண்டு வரி விதிப்பது மென்மையான பானத்தை அருந்துவோரைத் தண்டிப்பதாகும். பிராந்தியிலிருந்து பீருக்கு இறங்கி வந்த குடும்பத் தலைவர்கள் பலர் உள்ளனர். பீரின் விலை உயருமானால் அவர்கள் அதே பணத்துக்குக் கிடைக்கும் பிராந்திக்குத் திரும்பும் அபாயம் உண்டு. பலர் உள்ளனராம். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர். அவரு இப்போ வீட்டுல, கூடத்துல, டிவி முன்னாடி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. பேரு ஏகாம்பரம். மில்லு மூடினப்புறம் பதினாலு வருஷமா கூடத்துலதான் இருக்காரு. அதுல பதினோரு வருஷத்துக்கு மேல பிராந்தி. அதைப் பத்தி நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. சொல்றதுக்கு என்ன இருக்கு. குடிகாரன் பொண்டாட்டி கதை ஒரே கதைதான், ஊரு பேரு மட்டும் மாறும். நான் ஆபீசுக்கு நேரத்துக்கு வந்தேன். சாயங்காலம் போறப்ப தெருமுனையில வாசல் லைட்டு எரியுதா பார்ப்பேன். எரிஞ்சா தூங்கறாரு, எரியலைன்னா தேடணும். வாய்க்காப் பக்கம், பழைய மில்லு கேட்டுப் பக்கம், ஒருதரம் மீன் மார்க்கெட்டுல ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல. எழுப்பினா, பாக்கியம், நாளையிலேருந்து தொடமாட்டேன்பாரு. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. ஆனா ஒண்ணு, ஒருதரம்கூட அவரு அதைப் பொய்யா சொன்னதா எனக்குத் தோணலை. சொல்ற நேரத்துக்கு அது நெசம்.

ஒருநாள் புருவத்துக்கு மேல பிளாஸ்திரி போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வந்தேன். என்னாச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க, பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னேன். பிலோமினா மேடம் மட்டும் கேக்கலை. அன்னிக்கு என் ஃபைலையெல்லாம் அவங்களே எழுதி அனுப்பிட்டு, நாலு மணிக்கு நீ போன்னாங்க. ஏன் கேக்கலைன்னு அப்ப எனக்குக் கோவமா வந்துச்சு. கேட்டிருந்தா அவங்களுக்கும் பாத்ரூம்தான் சொல்லியிருப்பேன், ஆனாலும் கோவம். இப்ப நெனச்சா, கேக்காம இருக்கிறதுக்கும் ஒரு மனசு வேணும். இல்லை, எனக்குத் தெரியலை, அவங்களுக்கு அக்கறை இல்லாமக்கூட இருந்திருக்கலாம். ஒருத்தர் பேசாம இருந்தா நமக்கு வேண்டியதை அதுக்குள்ள போட்டுக்கலாம். அந்தக் காயம் அவரு அடிச்சது இல்லை. அவரு எறிஞ்ச சொம்பு செவுத்துல பட்டுத் திரும்பி வந்தது. இதை நான் அவருக்காகச் சொல்றேனா எனக்காகச் சொல்றேனான்னு இன்னி வரைக்கும் புரியலை.

அப்புறம் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில ஒன்பது நாள். டாக்டர் ஒரு சொட்டு கூடாதுன்னாரு. வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஒரு சொட்டு தொடலை. கை நடுங்கும், காபி டம்ளரை ரெண்டு கையால பிடிச்சுக்குவாரு. சுவத்துல பூச்சி ஊருதும்பாரு. இருக்காது. பன்னெண்டாம் நாள் காலையில நான் ஆபீசுக்குக் கெளம்பறேன், செருப்பு மாட்டிக்கிட்டிருக்கேன், பாக்கியம் ஒண்ணு கேக்கவான்னாரு. ஒரு பீரு. ஒண்ணே ஒண்ணு. நான் கடைப்பக்கம் போகலை, நீயே வாங்கிட்டு வா, நீ குடுக்கிறதை மட்டும் குடிச்சுக்கிறேன், நீ குடுக்கலைன்னா வேணாம். டாக்டர்கிட்ட கேட்டிருந்தா என்னை வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டியிருப்பாரு. எங்க அக்காகிட்ட சொன்னப்போ, நீயே ஊத்திக் குடுக்கிறியா, உனக்கு வெக்கமா இல்லையான்னா. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்னேன். அவ அப்புறம் ஆறு மாசம் பேசலை. அன்னிக்கு சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரா போய் வாங்கினேன். நம்ம தெருக் கடையில இல்லை, மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு கடை, பக்கவாட்டுல ஒரு ஜன்னல் இருக்கு. மொத நாள் ஜன்னல்கிட்ட நின்னப்போ கடைக்காரரு அட்ரஸ் கேக்க வந்திருக்கேன்னு நெனச்சாரு. அந்தக் கடைக்கு லைசென்ஸ் புதுப்பிச்ச ஃபைலே என் கையில போனதுதான், அது அவருக்குத் தெரியாது. ஒரு பீரு, கூலிங் வேணாம்னேன். ஏன் கூலிங் வேணாம்னு சொன்னேன்னு எனக்குத் தெரியலை. ஈரலுக்குக் குளிர்ச்சி ஆகாதுன்னு நெனச்சேனோ என்னவோ, பைத்தியம். இப்போ நான் ஜன்னல் பக்கம் வந்தாலே பழைய பேப்பர்ல சுத்தி எடுத்து வெச்சிடறாரு. என்னை அக்காங்கிறாரு. ரெண்டு வருஷம் மூணு மாசம் ஆச்சு. தீபாவளி, பொங்கல், எனக்குக் காய்ச்சல் வந்த ரெண்டு நாளு, ஒருநாள் விடலை. அவரு ஏழு மணிக்கு டம்ளர்ல ஊத்தி, வேர்க்கடலையோட, எட்டரைக்குள்ள முடிச்சுட்டு பாட்டிலைக் கழுவிக் கவுத்து வெப்பாரு. அப்புறம் சோறு. ரெண்டு வருஷம் மூணு மாசமா வாசல் லைட்டை நான் பார்க்கறதில்லை. எங்க வீட்டுல நிம்மதின்னு ஒண்ணு இருந்தா அது அறுநூத்தைம்பது மில்லி.

பார்வையைப் பார்த்துட்டாங்க. பென்சிலை எடுக்கிறாங்க. முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, தலையில, வட்டம் போடறாங்க. இண்டென்ட்டுல டேக்குமேல பேனா நின்ன எடத்துல மசி ஊறுது. அரசு ஊழியர் நடத்தை விதி, எத்தனாவது விதின்னு எனக்கே மனப்பாடம், அரசின் கொள்கையை எதிர்த்து எழுதக் கூடாது, புனைபெயர்ல எழுதறது அதைவிட மோசம், ஃபைல் விஷயத்தை வெளிய விட்டது அதையும்விட மோசம். மூணு சேர்ந்தா மெமோ இல்லை, நேரா சஸ்பென்ஷன். ரிடையர் ஆக இன்னும் மூணு வருஷம். சஸ்பென்ஷன்னா பாதிச் சம்பளம். பாதிச் சம்பளத்துல, இதைத்தான் நான் மொதல்ல நெனச்சேன், வேற எதையும் நெனக்கலை, பாதிச் சம்பளத்துல தினம் எப்படி அந்த ஜன்னலுக்குப் போவேன். நான் போகலைன்னா அவரு சட்டையைத் தேடுவாரு. ஆணியில மாட்டியிருக்கிற அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ரெண்டு வருஷமா அவரா வெளிய போறதுக்குச் சட்டை போட்டு நான் பார்க்கலை. வரி ஏறாம இருக்கணும்னு எழுதினது அவரு அந்தச் சட்டையைத் தேடக் கூடாதுங்கறதுக்குத்தான். எழுதினதாலயே இப்ப அவரு தேடப் போறாரு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவ நான்தான்.

"தனபாக்கியம்."

"மேடம்."

"இங்க வா."

எழுந்திரிச்சுப் போறேன். ஆறே எட்டுத் தூரம். மேடம் தாளை என் பக்கம் திருப்பல, அவங்க பக்கமே வெச்சிருக்காங்க. மூக்குல இருந்து கண்ணாடி பாதி எறங்கியிருக்கு.

"பேப்பர்ல போட்ட நோட்டீசுல நம்ம ஃபைல் நம்பர் இருந்துச்சா?"

"இல்லை மேடம்."

"நானும் இல்லைன்னுதான் நெனச்சேன்."

அவ்வளவுதான். என் மூஞ்சியைப் பார்க்கலை. பார்த்திருந்தா நான் அழுதிருப்பேன், இல்லை பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொன்ன மாதிரி வேற எதையாவது சொல்லியிருப்பேன். மேஜை ஓரத்துல இருக்கிற முத்திரையை எடுத்தாங்க, பெறப்பட்டதுன்னு தேதியோட இருக்கிற முத்திரை, மசியில நல்லா அழுத்தி, "உன் ஸ்டாம்பு சரியா விழலை"ன்னு சொல்லி, பார்வைன்னு இருந்த வரிமேல குத்தினாங்க. எடுத்து, கொஞ்சம் தள்ளி, மறுபடி குத்தினாங்க. பென்சில் வட்டம், 1147, சாய்கோடு, இ3, எல்லாம் ஊதா மசிக்கு அடியில போயிடுச்சு. ஊதித் தாளைக் காயவெச்சாங்க. என் ஸ்டாம்பு சரியாத்தான் விழுந்திருந்துச்சு, பக்கத்துலயே தெளிவா இருக்கு, இப்போ ஒரே தாள்ல மூணு முத்திரை. மேல இருக்கிறவங்க யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க. முத்திரை அதிகமா இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க, இல்லாட்டித்தான்.

"மூணுக்கும் ரிமார்க்ஸ் எழுதிடு. மேல முடிவாயிடுச்சு, ஒண்ணாந் தேதியிலேருந்து ஏறுது. அஞ்சு மணிக்கு ஃபைல் போகணும். ஆட்சேபணை தள்ளுபடி, காரணம் மட்டும் ஒழுங்கா எழுது. கோர்ட்டு கீர்ட்டுன்னு யாராச்சும் போனா நிக்கணும்."

"மூணுக்குமா மேடம்?"

"மூணாவதுக்கு நல்லாவே எழுது. அதுதான் கொஞ்சம் நியாயமா இருக்கு."

வந்து உக்காந்தேன். தப்பிச்சாச்சு. தப்பிச்சது சந்தோஷமா இருக்கணும், கொஞ்ச நேரம் இருந்துச்சு, ஃபேன் நாலஞ்சு சத்தம் போடற நேரம். அப்புறம் பேனாவை எடுத்தேன். பார் முதலாளிங்களுக்கு எழுதறது சுலபம், சுற்றுலாப் பயணிகள் வருகைக்கும் வரிவிகிதத்துக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. மதுவிலக்குக் கமிட்டிக்கு அதைவிடச் சுலபம், கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது. மூணாவது. ஆட்சேபணை எண் 3, ஆர். வேதவல்லி. இவளை எப்படி மடக்கறது. மேல இருக்கிறவங்களுக்கு நான் நல்லா எழுதறவன்னு பேரு, இதுவரைக்கும் நான் தள்ளுபடி பண்ணின எந்த மனுவும் திரும்பி வந்ததில்லை. மனுவுல எங்க ஓட்டைன்னு தேடி, அங்க விரலை வெக்கணும், அவ்வளவுதான் வித்தை. வேதவல்லியோட மனுவை மொதலேருந்து படிச்சேன், யாரோ எழுதின மாதிரி. ஆல்கஹால் அளவுக்கு வரிங்கறது சரியான வாதம், அதைத் தொடக் கூடாது, பரிசீலனையில் உள்ளதுன்னு நகத்திடலாம். ஓட்டை எங்கன்னா, விலை ஏறினா பிராந்திக்குத் திரும்புவாங்கங்கற எடத்துல. திரும்புவாங்கன்னு யார் சொன்னது. மனுதாரருக்கு எப்படித் தெரியும்.

அங்கதான் பேனா நின்னுது. எனக்கு எப்படித் தெரியும். கூட்டிப் பார்த்தா, போதைன்னு கணக்குப் போட்டா, பீரைவிட பிராந்தி எப்பவுமே மலிவு. மில்லு இருந்த காலத்துலயும் மலிவு, இப்பவும் மலிவு, அதுக்காகத்தான் அவரு பிராந்திக்கே போனாரு. மலிவுதான் காரணம்னா ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு முன்னாடி பீருக்கு வந்திருக்கவே மாட்டாரு. அதுமட்டுமில்லை, பீரு என்ன விலைன்னு அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. அவரு கேட்டதில்லை. போன வருஷம் ஒருதரம் ஏறிச்சு, அதையும் சொல்லலை. விலையே தெரியாத ஒருத்தர் விலைக்காகப் பீரு குடிக்கிறாருன்னு நான் நாலு பாரா எழுதியிருக்கேன். எழுதறப்ப எனக்கு அது அவ்வளவு நெசமா இருந்துச்சு. பத்து, இருபது ரூபாய்க்கு மாறிப்போற ஆளுன்னு என் புருஷனைப் பத்தி வேற யாராச்சும் எழுதியிருந்தா நான் சண்டைக்குப் போயிருப்பேன். நானே எழுதினேன், வேற பேர்ல, எடது கையால. அப்போ விலை இல்லைன்னா எதுதான் அவரைப் பிடிச்சு வெச்சிருக்கு. டாக்டர் பயமா. பதினோரு நாள் நடுங்கினதா. எங்க பொண்ணு பெங்களூர்லேருந்து போன பொங்கலுக்கு வந்து மூணு நாள் தங்கினாளே, எட்டு வருஷத்துக்கு அப்புறம், அதுவா. எதுவா வேணா இருக்கட்டும், எனக்குத் தெரியலை. இத்தனை வருஷமா ஒரு ஆளோட ஒரே கூரைக்கு அடியில இருந்துக்கிட்டு, அவரு எதனால நல்லா இருக்காருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை விலைமேல போட்டேன். விலைதான் என் கையில இருந்துச்சு, ஃபைல்ல இருந்துச்சு.

எழுதினேன். மனுதாரர் குறிப்பிடும் நபர்கள் விலையின் காரணமாகவே பீர் அருந்துகின்றனர் என்பதற்கு மனுவில் ஆதாரம் ஏதும் இணைக்கப்படவில்லை. எனவே அச்சம் அனுமானத்தின் பாற்பட்டது. ஆட்சேபணை ஏற்கத்தக்கதல்ல. மூணு வரி. படிச்சுப் பார்த்தேன், ஒரு வார்த்தை மாத்த வேணாம். நல்லா இருந்துச்சு, அதுதான் வேதனை. கீழ ஓரத்துல சின்னதா என் இனிஷியல் போட்டு தேதி போட்டேன், இந்தத் தரம் வலது கையால. ஃபைலைக் கொண்டுபோய் வெச்சேன். மேடம் உதடு அசையப் படிச்சாங்க. கையெழுத்துப் போட்டாங்க. மூடிய பேனாவால ஃபைல்மேல ஒரு தட்டு தட்டினாங்க.

"எத்தனை வருஷமாச்சு?"

எதுன்னு நான் கேக்கலை. "ரெண்டு வருஷம் மூணு மாசம் மேடம்."

"ம்."

கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாங்க. பியூன் வந்து ஃபைலை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போனாரு, அஞ்சு மணிக்கு ரெண்டு நிமிஷம் இருக்கையில. ரெண்டு வருஷம் மூணு மாசம்னு இந்த ஆபீசுல நான் வாயால சொன்னது அதுதான் மொதத் தரம். போய்த் தண்ணி குடிச்சேன். ஆதாரம் ஏதும் இணைக்கப்படவில்லை. இது ஒரு வியாதி, எழுதின வரி மண்டைக்குள்ள நின்னுக்கிட்டு வெளிய போகாது, இருபத்தாறு வருஷத்துல எத்தனை வரி இப்படி ராத்திரியெல்லாம் என்கூட வந்திருக்கு. ஆனா அதெல்லாம் யாரோ ஒருத்தரைப் பத்தினது. ஆதாரம் இல்லைன்னு எழுதினா அது தப்புன்னு ஆகிடாது, தெரியலைன்னுதான் அர்த்தம். தெரிஞ்சுக்க வழி இருக்கு, ரொம்பச் சின்ன வழி. ரெண்டு வருஷமா அதைப் பண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வராந்தாவுக்கு வந்தேன். வெயில் இன்னும் இருந்துச்சு. கீழ சைக்கிள் ஷெட்டுல யாரோ வண்டியை உதைச்சுக்கிட்டிருந்தாங்க, ஸ்டார்ட் ஆகலை. செல்லை எடுத்து வீட்டுக்கு அடிச்சேன். அடிக்கிறப்பவே கட் பண்ணிடலாமான்னு இருந்துச்சு.

"என்ன பாக்கியம், இந்த நேரத்துல?"

"ஒண்ணுமில்லை. ஆபீசுல வேலை இருக்கு, எனக்கு நேரமாகும்போல." பொய். "எட்டு மணி ஆகிடும். அதான், நீங்களே போய் ஒண்ணு வாங்கிக்குங்க. ஷெல்ஃபுல பணம் இருக்கு."

அந்தப் பக்கம் டிவி ஓடற சத்தம். அப்புறம் அது நின்னுச்சு, அணைச்சிருக்காரு. நான் காத்திருக்கேன். கைப்பிடிச் சுவர்ல என் கை இருக்கு, சுவர் சூடா இருக்கு. சரின்னு சொல்லிடுவாரு. சொன்னா என்ன பண்றது, உடனே ஆட்டோ பிடிச்சு ஓடறதா. சரின்னு சொன்னா சட்டை போட்டுக்கிட்டு வெளிய போவாரு, பீரோட வந்தாலும் வரலாம், வராமப் போனாலும் போகலாம். எதுக்கு இதைக் கேட்டேன். எந்த ஃபைலுக்கு வேணும் இது. ஃபைல் மாடிக்குப் போயாச்சு.

"வேணாம்"னாரு.

"ஏன்?"

"நான் கடைக்குப் போனா பீரோட திரும்ப மாட்டேன். உனக்குத் தெரியாதா." ரொம்பச் சாதாரணமா சொன்னாரு, வீட்டுல உப்பு இல்லைன்னு சொல்ற மாதிரி. "நீ எட்டுக்கு வந்தா எட்டு. ஒன்பதுக்கு வந்தா ஒன்பது. நான் இருக்கேன்."

சுவர்லேருந்து கையை எடுத்து, செல்லை அடுத்த காதுக்கு மாத்தினேன்.

"வெலை ஏத்தறாங்களாமே, நியூஸ்ல சொன்னான். உங்க ஆபீசுதானே அது."

"ஆமா."

"ஏறினா தினம் பாதி பாட்டில் போதும் எனக்கு. இல்லை, வேணாம்னாலும் பார்த்துக்கலாம். ஆனா எதுவா இருந்தாலும் நீ கொண்டு வந்து குடுக்கணும் பாக்கியம். நீ குடுக்கிறதுன்னாத்தான் எனக்கு அது ஒண்ணோட நிக்குது."

சைக்கிள் ஷெட்டுல வண்டி ஸ்டார்ட் ஆகிப் போயிடுச்சு. எனக்கு அழுகை வந்துச்சு, சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை, பாரமா இருந்துச்சு. எனக்கு ஒருநாள் உடம்பு முடியாமப் போனா, நான் முன்னாடி போயிட்டா, அப்புறம் யாரு அந்த ஜன்னலுக்குப் போவாங்க. இருபது நாள் யோசிச்சு, ரெண்டு பஸ் மாறிப் போய்ப் போட்ட மனுவுல விலையைப் பத்தி நாலு பாரா இருக்கு. என்னைப் பத்தி ஒரு வரி கெடையாது.

"என்னம்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்"னேன். "வேலை முடிஞ்சிடுச்சு. இதோ வாங்கிட்டு வரேன்."